பந்திங் குஷன் கடையில் மறுபடியும் தைத்த என் லெதர் சூட்

மலேசியாவின் பந்திங் நகரின் பழைய கடை வரிசையில், மோட்டார்சைக்கிள் இருக்கைகளுக்கும் லாரி இருக்கைகளுக்கும் உறை தைத்துக் கொடுக்கும் ஒரு கடை இருக்கிறது. பெயர்ப் பலகையில் ‘குஷன்’ என்ற ஒரு சொல்லைத் தவிர வேறெதுவும் இல்லை; ஊர்க்காரர்களும் அதைக் குஷன் கடை என்றே சொல்கிறார்கள். கடந்த ஆண்டு சிப்பாங் பந்தயத் தடத்தில் நடந்த ஒரு டிராக் டேயில் (பணம் கட்டிச் சொந்த வண்டியைத் தடத்தில் ஓட்டும் நாள்) நான் கீழே விழுந்தபோது கிழிந்த லெதர் சூட்டை, அதாவது ஓட்டும்போது அணியும் தோலாடையை, அங்கே கொடுத்துத் தைத்து வாங்கினேன். அதன் பிறகு நான்கு முறை அதை அணிந்து அதே தடத்தில் ஓட்டியும்விட்டேன். விழுந்த சூட்டை எங்கே கொடுப்பது என்று என்னைக் கேட்கும் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருப்பதைவிட, நடந்ததை முழுமையாக எழுதிவைப்பது பயன்படும் என்று நினைக்கிறேன்.

விழுந்ததை முதலில் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அந்தக் கடையில் செய்யப்பட்ட வேலையின் மதிப்பு அதிலிருந்துதான் விளங்கும். 1999இல் திறக்கப்பட்ட சிப்பாங் தடம் 5.543 கிலோமீட்டர் நீளமும் 15 வளைவுகளும் கொண்டது. வலஞ்சுழியாக ஓட்டப்படும் அந்தத் தடத்தில் 10 வளைவுகள் வலப்பக்கம் திரும்புகின்றன, ஐந்து மட்டுமே இடப்பக்கம் திரும்புகின்றன. ஆகையால் டயரின் வலது ஓரம் நன்றாகச் சூடேறிய பிறகும் இடது ஓரம் சற்றுப் பின்தங்கியே இருக்கும். நான் விழுந்தது ஒன்பதாம் வளைவில். அடுத்தடுத்து வலப்பக்கம் திரும்பும் ஏழாம், எட்டாம் வளைவுகளைக் கடந்து, ஒரு குறுகிய நேர்ப்பாதையில் வேகமெடுத்து, பிறகு பலமாகப் பிரேக் பிடித்து இடப்பக்கம் மடங்கி ஏற வேண்டிய இடம் அது. காலையின் முதல் சுற்றுகள் முடிந்திருக்கவில்லை. என்னுடைய 250 சிசி யமஹா ஆர்25ஐச் சாய்த்த பிறகும் நான் முன்பிரேக்கை விடாமல் பிடித்திருந்தேன். முன்சக்கரத்துக்கு இருக்கும் பிடிமானம் ஒன்றுதான். வேகத்தைக் குறைப்பதற்கும் வண்டியைத் திருப்புவதற்கும் அதைப் பங்கிட்டுத்தான் கொடுக்க முடியும். இரண்டுக்கும் சேர்த்து நான் அளவுக்கு மேல் கேட்டுவிட்டேன். முன்சக்கரம் உள்பக்கம் மடங்கி, வண்டி இடப்பக்கமாகப் படுத்துவிட்டது. தவறு முழுக்க என்னுடையது.

அப்போது என் வேகம் மணிக்கு 70 கிலோமீட்டர் அளவில் இருந்திருக்கும். தோலுக்கும் தாருக்கும் இடையிலான உராய்வுக் கெழுவை 0.6 என்று எடுத்துக்கொண்டால், அந்த வேகத்தில் விழுந்த உடல் ஏறத்தாழ 32 மீட்டர் சறுக்கி, மூன்று விநாடிக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் நிற்கும். நான் செம்பனை எண்ணெய் ஆலை ஒன்றின் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்பவள் என்பதால் இந்தக் கணக்கைப் பின்னர் உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். தரையில் சறுக்கும்போது அந்த மூன்று விநாடி மிக நீளமானது. இடது முழங்கை, இடுப்பு, தொடை, முழங்கால் என்று இடப்பக்கம் முழுவதும் தாரில் தேய்ந்துகொண்டே போனது. தடத்தின் பாதுகாப்புப் பணியாளர்களான மார்ஷல்கள் மஞ்சள் கொடி காட்டி, என்னை ஓரத்துக்கு அழைத்துச் சென்று, வண்டியையும் எடுத்துவிட்டார்கள். வண்டியில் கிளட்ச் பிடியும் கால்மிதியும் உடைந்திருந்தன. அவற்றை மாற்றியதைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை.

சூட்டைக் கழற்றியபோதுதான் நடந்தது தெரிந்தது. இடுப்பிலும் தொடையிலும் முழங்காலிலும் தோலாடையின் மேல்பூச்சு உரிந்து சாம்பல் நிறமாகியிருந்ததே தவிர, உள்ளே என் உடலில் ஒரு சிவப்புக்கோடுகூட இல்லை. முழங்கையில் மட்டும் தையல் ஏறத்தாழ 14 சென்டிமீட்டர் நீளத்துக்குப் பிளந்து, உள்ளங்கை அகலத்துக்கு என் தோல் உரிந்திருந்தது. அதே சூட், அதே வேகம், அதே தார். வேறுபாடு ஒன்றுதான்: இடுப்பிலும் முழங்காலிலும் இருந்தவை தொழிற்சாலைத் தையல்கள், முழங்கையில் இருந்தது, இரண்டு ஆண்டுகளுக்கு முன் தலைநகரில் ஆடைகளைத் திருத்திக் கொடுக்கும் ஒரு கடையில் நான் பழுதுபார்த்து வாங்கிய தையல்.

அந்த முந்தைய வேலையைப் பற்றி ஒரு பத்தி எழுத வேண்டும், ஏனென்றால் அதே தவறை மற்றவர்களும் விலை கொடுத்து வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். நான் பழைய சூட்டாக வாங்கியபோதே முழங்கைத் தையல் சிறிது விட்டிருந்தது. அந்தக் கடையில் மேலே ஒரு தோல்துண்டை ஒட்டி, அதன் விளிம்பைச் சுற்றி ஒரே வரிசையாகத் தைத்துக் கொடுத்தார்கள். பார்ப்பதற்கு மிக அழகாக இருந்தது. நானும் மகிழ்ச்சியோடு வாங்கி வந்தேன். விழுந்த பிறகு அந்த இடத்தைப் பிரித்துப் பார்த்தபோது மூன்று குறைகள் தெரிந்தன. துண்டைத் தாங்கிக்கொண்டிருந்தது தையல் அன்று, பசைதான். சறுக்கும்போது உண்டான வெப்பத்தில் பசை இளகி, துண்டு விலகிவிட்டது. நூல் சட்டை தைக்கும் மெல்லிய நூல். தையல் துளைகள் ஒன்றரை மில்லிமீட்டர் இடைவெளியில் மிக நெருக்கமாக இருந்ததால், அஞ்சல் தலையைக் கிழிப்பதுபோல் தோல் அந்தத் துளைவரிசை வழியாகவே கிழிந்திருந்தது. துணியில் நெருக்கமான தையல் வலுவைக் கூட்டலாம். தோலில் ஒவ்வொரு துளையும் ஒரு வெட்டு, துளைகள் கூடக்கூட எஞ்சியிருக்கும் தோல் குறைகிறது.

புதிய சூட் வாங்கலாம் என்றால், என் அளவுக்கு நான் விலை கேட்டவை எல்லாம் 2,000 வெள்ளிக்கு (மலேசிய ரிங்கிட்) மேல் இருந்தன. சாலையில் ஓட்டுவதற்காக நாம் எடுக்கும் வழக்கமான மோட்டார் காப்புறுதி பந்தயத்தையும் வேகச் சோதனையையும் விலக்கியே எழுதப்படுவதால், தடத்தில் உடைவதற்கும் கிழிவதற்கும் கைப்பணத்தைத்தான் எடுக்க வேண்டும். அந்த நிலையில்தான், எங்கள் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றி வரும் லாரி ஓட்டுநர் ஒருவர், தம் இருக்கையைத் தைத்துக் கொடுத்த பந்திங் கடையைச் சொன்னார். நானும் பந்திங்கை அடுத்த தோட்டமொன்றின் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பிறந்து வளர்ந்தவள்தான். ஆயினும் அந்தக் கடை முன்னால் பலமுறை நடந்திருக்கிறேனே தவிர, உள்ளே போனதில்லை.

கடையை நடத்துபவர் அறுபது வயதை நெருங்கும் ஓர் அண்ணன். அவருடன் அவருடைய மனைவியும் சரிசமமாக வேலை செய்கிறார். அண்ணன் இளமையில் லாரித் தார்ப்பாய் தைக்கும் பட்டறையில் தொழில் கற்றவர். இதை அவருடைய வாழ்க்கைக் கதையாக நான் குறிப்பிடவில்லை. அவருடைய வேலையின் அடிப்படையே அங்குதான் இருக்கிறது. தார்ப்பாயில் தையல் விட்டால் மழை உள்ளே வரும், காற்று பிடித்தால் முழுப்பாயும் கிழியும். அதனால் விளிம்பை மடித்து, மடிப்புக்குள் ஒரு தையலும் மேலே இரண்டு தையல்களும் போடும் வழக்கம் அவர் கையில் ஊறியிருக்கிறது. நல்ல பந்தயத் தோலாடையின் தையலும் இதே அமைப்புதான். இரண்டு தோல்களையும் முகத்தோடு முகம் வைத்து முதலில் உள்தையல் போடுகிறார்கள். பிறகு விளிம்பை மடித்து மேல்தையல் போடுகிறார்கள். தாரில் தேயும்போது வெளியே தெரியும் மேல்தையல்தான் முதலில் அறும். அது அறுந்த பிறகும் மடிப்புக்குள் மறைந்திருக்கும் உள்தையல் உராய்வைச் சந்திக்காமல் தோல்களைச் சேர்த்துப் பிடித்திருக்கும். என் சூட்டின் இடுப்பில் நடந்தது இதுதான்: மேல்தையலில் பத்துப் பன்னிரண்டு தையல்கள் தேய்ந்து போயிருந்தன, உள்தையல் ஒன்றுகூட விடவில்லை.

நான் சூட்டை மேசையில் விரித்ததும் அண்ணன் உரிந்த இடங்களைப் பார்க்கவே இல்லை. நேராக அதை உள்புறம் வெளியே வரும்படி புரட்டினார். “வெளிய பார்த்து என்னம்மா செய்றது, உள்ளதானே புடிச்சிருக்கணும்” என்றார். ஒவ்வொரு தையலையும் இரண்டு கைகளாலும் இழுத்துப் பார்த்து, இடைவெளி தெரிந்த இடத்தில் சுண்ணக்கட்டியால் குறியிட்டார். முழங்கைக்காக வந்த என்னிடம், இடது தோளின் பின்பக்கத்திலும் தையல் தளர்ந்திருப்பதைக் காட்டினார். அது விழுந்ததால் வந்ததா, முன்பே இருந்ததா என்று சொல்ல முடியாது. நான் அதைக் கவனித்திருக்கவே மாட்டேன் என்பது மட்டும் உறுதி. இந்த முதல் கால்மணி நேரத்திலேயே கடையின் மீது எனக்கு மதிப்பு வந்துவிட்டது.

தோலின் தடிமனை அளக்க நான் கேலிப்பர் எடுத்துச் சென்றிருந்தேன். அதை அவர் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை; கூடவே நின்று ஒவ்வோர் இடத்தையும் காட்டி அளக்கச் சொன்னார். பந்தயச் சூட்டுகளில் பெரும்பாலும் 1.2 முதல் 1.4 மில்லிமீட்டர் வரை தடிமன் கொண்ட மாட்டுத்தோல் பயன்படுத்தப்படுகிறது. கங்காரு தோல் அதே வலுவை இன்னும் மெல்லிய தடிமனிலேயே தரக்கூடியது, விலையும் அதற்கேற்ப அதிகம். என்னுடையது மாட்டுத்தோல். சேதமில்லாத முதுகுப் பகுதியில் 1.3 மில்லிமீட்டரும், இடுப்பில் உரிந்த இடத்தில் 1.0 மில்லிமீட்டரும், முழங்கையில் 0.6 மில்லிமீட்டரும் காட்டியது. இடுப்பை அப்படியே விட்டுவிடலாம், முழங்கைக்கு மேல் ஒட்டுப் போடாமல் அந்தத் துண்டையே தையலிலிருந்து தையல்வரை முழுதாக எடுத்துவிட்டுப் புதிய துண்டு வைக்க வேண்டும் என்று அவர் முடிவு செய்தார். பாதி தேய்ந்த தோலின் மேல் நல்ல தோலைத் தைத்தால், இழுவிசை வரும்போது நல்ல தோல் நிற்கும், அதைப் பிடித்திருக்கும் தேய்ந்த தோல் கிழியும் என்று அவர் சொன்ன காரணம் எனக்கு ஏற்புடையதாக இருந்தது. முந்தைய பழுதுபார்ப்பில் நடந்ததும் ஏறத்தாழ அதுவே.

அடுத்து அவர் சொன்னதைத்தான் இந்தக் கடையைப் பரிந்துரைப்பதற்கு முதற்காரணமாகக் கருதுகிறேன். கடையில் கறுப்புத் தோல் சுருள் சுருளாக இருந்தது. அதில் ஒரு துண்டை வெட்டித் தைத்துக் கொடுத்திருந்தால் நான் நன்றி சொல்லி வாங்கிச் சென்றிருப்பேன். அவரோ, “இது சோபாவுக்குப் போடுற தோலும்மா. உக்கார்றதுக்குப் போதும், ரோட்டுல தேய்றதுக்குப் போதாது” என்று சொல்லி, அதன் வெட்டுவிளிம்பை என்னிடம் காட்டினார். அது தோலின் அடிப்படலத்தைப் பிரித்தெடுத்து மேலே பூச்சுப் பூசிய வகை. தோலின் வலுவான பகுதி மேற்படலமும் அதற்கு அடுத்துள்ள நெருக்கமான நார்ப்பகுதியும்தான். அடிப்படலத்தில் நார்கள் தளர்வாக இருக்கும், பூச்சு தேய்ந்ததும் விரைவாகப் பிய்ந்துவிடும். தம்மிடம் உரிய தோல் இல்லை, எங்கேயாவது ஒரு கெட்டுப்போன பந்தயச் சூட் கிடைத்தால் வாங்கிவரும்படி சொல்லி அனுப்பினார். என்னோடு ஓட்டும் தோழர் ஒருவரின் சூட் வலப்பக்கம் முழுவதும் கிழிந்து பயனற்றுக் கிடந்தது. அதன் முதுகுப் பகுதி நன்றாக இருந்தது. 80 வெள்ளி கொடுத்து அதை வாங்கிக் கொண்டுபோனேன். அண்ணன் அதை மடித்தும் இழுத்தும் பார்த்துவிட்டு, இழுத்தால் குறைவாக நீளும் திசை கையின் நீளவாக்கில் அமையும்படி துண்டை வெட்டினார்.

நூலைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அவர் பயன்படுத்தியது இழைகள் பிரியாமல் மேலே பிணைப்புப் பூச்சு ஏற்றப்பட்ட நைலான் நூல். நூற்கண்டின் அடியில் டெக்ஸ் 90 என்று இருந்ததை நான் படித்துப் பார்த்தேன். 1000 மீட்டர் நூல் 90 கிராம் நிறை கொண்டது என்பது அந்த எண்ணின் பொருள். பருத்தி நூலைத் தோலாடையில் பயன்படுத்தவே கூடாது, ஏனெனில் வியர்வையும் தோல் பதனிடப் பயன்படும் பொருள்களும் சேர்ந்து காலப்போக்கில் அதை இற்றுப்போகச் செய்துவிடும். வெயிலில் நிற்கும் மோட்டார் இருக்கைகளுக்கு அண்ணன் பாலியஸ்டர் நூல் போடுகிறார், ஏனென்றால் சூரிய ஒளியை அது நைலானைவிட நன்றாகத் தாங்கும். சூட்டுக்கு நைலானைத் தேர்ந்தெடுத்ததற்கு, முழங்கை மடங்கி நிமிரும் இடத்தில் நைலான் சற்று நீண்டுகொடுக்கும் என்பதைக் காரணமாகச் சொன்னார். வெயிலில் காயப்போடக் கூடாது என்ற எச்சரிக்கையையும் அதனுடன் சேர்த்துச் சொன்னார்.

தைக்கும்போது பார்க்க வேண்டும் என்று கேட்டேன்; மறுக்கவில்லை. மேலேயுள்ள பாதமும் அடியிலுள்ள பற்களும் ஒன்றாக நகர்ந்து தடித்த பொருளை வழுக்காமல் இழுத்துச் செல்லும் தொழிற்கூட இயந்திரம் அது. கத்தி முனைபோல் பட்டையடித்த தோல் ஊசி. புதிய துண்டில் தையல் இடைவெளி மூன்றரை மில்லிமீட்டர் அளவில் இருந்தது. ஆனால் புதிய துண்டு பழைய கையோடு சேரும் இடத்தில், பழைய தோலில் ஏற்கெனவே தொழிற்சாலைத் துளைகள் இருந்தன. அங்கே அவர் மின்விசையை நிறுத்திவிட்டு, சக்கரத்தைக் கையால் சுற்றி, ஒவ்வொரு முறையும் ஊசி பழைய துளையிலேயே இறங்கும்படி நகர்த்தி நகர்த்தித் தைத்தார். ஓரடி நீளத் தையலுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அருகில் புதுத் துளை விழுந்தால் அந்த இடத்தில் தோல் வலுவை இழந்துவிடும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்ததைக் கை வலித்தாலும் செய்கிறார். பசையை மடிப்பு நிற்பதற்காக மட்டும் மெல்லிய கோடாகத் தடவினார்.

கையின் உள்வேலை முழுவதும் அண்ணனின் மனைவியான அக்காவுடையது. கை குறுகலான குழாய் என்பதால் மூடிய நிலையில் இயந்திரத்தில் வைக்க முடியாது. உள்துணியைப் பிரித்து, முன்கையின் அடித்தையலை 20 சென்டிமீட்டர் திறந்து தட்டையாக விரித்துக் கொடுத்து, முடிந்த பிறகு அதை மூடியவர் அவரே. அவர் கண்டுபிடித்த ஒன்று என் காயத்தையே விளக்கியது. விழும்போது அடியைத் தாங்கும் முழங்கைக் காப்பை வைத்திருக்கும் உள்பை தளர்ந்திருந்ததால், காப்பு பக்கவாட்டில் சுழன்றுவிடுகிறது என்று காட்டினார். என் சூட்டில் இருப்பது இ.என். 1621-1 என்ற ஐரோப்பியத் தரத்தின் இரண்டாம் நிலைக் காப்பு; சோதனையில் அதனூடாகச் செல்லும் விசையின் சராசரி 20 கிலோநியூட்டனைத் தாண்டக் கூடாது, முதல் நிலைக் காப்புக்கு அந்த வரம்பு 35 கிலோநியூட்டன். எந்த நிலையாக இருந்தாலும், தரையைத் தொடும் கணத்தில் காப்பு எலும்பின் மேல் இல்லை என்றால் அந்த எண்களால் பயனில்லை. நான் விழுந்தபோது தையல் பிளந்தது ஒரு குறை, காப்பு விலகியிருந்தது இன்னொரு குறை. இரண்டும் சேர்ந்துதான் தார் என் தோலைத் தொட்டிருக்கிறது.

அளவு பார்த்த முறையையும் பாராட்ட வேண்டும். கடையில் எப்போதும் தைக்க வந்த மோட்டார் இருக்கைகள் கிடக்கும். அக்கா ஒன்றை மரச்சட்டத்தின் மேல் வைத்து, சூட்டோடு என்னை அதில் உட்காரச் சொல்லி, வண்டிப் பிடியைப் பிடிப்பதுபோல் கைகளை நீட்டிக் குனியச் சொன்னார். நிமிர்ந்து நிற்கும்போது காப்பு சரியான இடத்தில் இருப்பதும், குனிந்து கை மடங்கும்போது இருப்பதும் வேறு வேறு. தோலாடையை அளக்க வேண்டியது இரண்டாவது நிலையில். அந்த நிலையில் என் முழங்கை எலும்பைத் தடவிப் பார்த்து, சுண்ணக்கட்டியால் குறியிட்டு, பையை அந்த இடத்துக்கு நகர்த்தி இறுக்கித் தைத்தார். ஆண்களுக்கு வெட்டப்பட்ட சூட் என்பதால் இடுப்பில் எனக்குத் தளர்வாக இருந்ததையும் அவரே கவனித்துக் குறைத்துக் கொடுத்தார். நீண்டு சுருங்கும் துணிப்பகுதியைத் தொடாமல், தோல் பகுதியில் மட்டும் இருபுறமும் சமமாகக் குறைத்தார். பெண்கள் தோலாடையைத் திருத்தக் கொடுக்கும்போது, அளவெடுக்கப் பெண் ஒருவர் இருப்பது எவ்வளவு ஆறுதலானது என்பதைப் பெண் ஓட்டுநர்கள் அறிவார்கள்.

குறைகளும் இருக்கின்றன. இரண்டு வாரம் என்று சொன்ன வேலை ஐந்து வாரம் இழுத்தது. தீபாவளிக்கு முன்பு ஊரில் பாதிப்பேர் வீட்டு நாற்காலிகளையும் வண்டி இருக்கைகளையும் தைக்கக் கொடுத்திருந்தார்கள். அது எனக்குப் புரிகிறது, ஆனால் தாமதமாகும் என்று ஒருமுறையாவது அழைத்துச் சொல்லியிருக்கலாம். மூன்று முறை நான்தான் நேரில் போய்க் கேட்டேன், அதில் ஒருமுறை பணம் கட்டிய டிராக் டேக்கு இரவல் சூட்டில் போக வேண்டியதாயிற்று. இதை நான் அண்ணனிடமும் சொன்னேன். ரசீது தருவதில்லை, கேட்டபோது ஒரு தாளில் தொகையை எழுதிக் கொடுத்தார். புதிய துண்டின் கறுப்பு, பழைய கறுப்போடு ஒத்துப்போகவில்லை. எனக்கு அது பொருட்டன்று, தோற்றத்துக்கு முதலிடம் கொடுப்பவர்களுக்கு உறுத்தலாம். காற்று புகுவதற்கான சிறுதுளைகள் புதிய துண்டில் இல்லாததால் நண்பகல் ஓட்டத்தில் அந்த முழங்கை மட்டும் வெந்துபோகிறது. முதுகு ஜிப்பின் இழுவை தேய்ந்திருந்தது. ஜிப் மாற்றும் வேலை தம்மிடம் சரியாக வராது என்று அவர்கள் எடுத்துக்கொள்ளவில்லை.

தரச்சான்றைப் பற்றித் தெளிவாக இருக்க வேண்டும். ஐரோப்பாவின் இ.என். 17092 தரத்தில் மூன்று ஏ (AAA) வகுப்பு பெற்ற ஆடை, தோள், முழங்கை, இடுப்பு, முழங்கால் போன்ற அதிக இடர்ப் பகுதிகளில் மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தைப் போலச் செய்யும் உராய்வுச் சோதனையைத் தாண்டியிருக்க வேண்டும். தையலின் வலுவும் அதில் தனியே சோதிக்கப்படுகிறது. அந்தச் சான்று தொழிற்சாலையில் தைத்து முடித்த ஆடைக்கு உரியது. பிரித்துத் தைத்த கைக்கு அதைக் கோர முடியாது, குஷன் கடையில் அப்படி ஒரு வாக்குறுதியும் தரவில்லை. நான் இந்தப் பழுதுபார்ப்பை நம்புவது, கண்ணெதிரே பார்த்த தையல் அமைப்பையும் நூலையும் தோலின் தடிமனையும் வைத்துத்தான். இதன் பிறகு நான் விழவில்லை. ஆகவே அந்தத் தையல் தாரில் சோதிக்கப்பட்டது என்று சொல்ல மாட்டேன். நான்கு டிராக் டேக்குப் பிறகும் ஒவ்வோர் இரவும் கைவிளக்கை வைத்து உள்ளும் புறமும் பார்த்திருக்கிறேன். ஒரு தையலும் விடவில்லை, புதிய துண்டின் ஓரத்தில் துளைகள் நீளவும் இல்லை.

தையல் கூலி 260 வெள்ளி. முழங்கை, தோள், உள்பை, இடுப்பு எல்லாம் சேர்த்து. தோலுக்கு நான் தனியே கொடுத்த 80 வெள்ளியையும் கூட்டினால் 340 ஆகிறது. முன்பு ஒட்டுப் போட்ட இடத்தில் நான் 180 வெள்ளி கொடுத்திருந்தேன். இந்த வேலைக்கு அண்ணன் இன்னும் கூடக் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன்.

தலைக்கவசத்தின் உள்துணியையும் இங்கே தைத்துக் கொடுக்கிறார்கள் என்பதால் ஒன்றைச் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். நான் போயிருந்த ஒரு நாள், கீழே விழுந்து ஓடு கீறிய ஹெல்மெட்டை ஓர் இளைஞர் கொண்டுவந்து உள்ளே மெத்தையை மாற்றித் தரும்படி கேட்டார். அண்ணன் வாங்க மறுத்துவிட்டார். “தம்பி, மெத்தைய நான் புதுசாப் போட்டுடுவேன், உள்ள நசுங்கினத நான் நிமிர்த்த முடியாது” என்றார். ஓட்டுக்கும் மெத்தைக்கும் நடுவில் இருக்கும் நுரைப்பகுதி அடியை வாங்கி நசுங்குவதன் மூலமே தலையைக் காக்கிறது. ஒருமுறை நசுங்கியது மீண்டும் எழாது. வந்த வேலையைத் திருப்பியனுப்பும் கடைகள் மிகக் குறைவு. என் ஹெல்மெட் தரையை இலேசாகத்தான் தொட்டது என்று எண்ணிக்கொண்டிருந்த நான், அதைக் கேட்ட மறுநாளே புதிய ஹெல்மெட் வாங்கினேன்.

கொடுக்கப் போகிறவர்கள் முதலில் சூட்டின் உள்துணியைத் துடைத்து நிழலில் உலர்த்திக் கொண்டுபோங்கள். வியர்வையின் உப்பு தோலை விறைக்கச் செய்யும். நம் நாட்டு ஈரப்பதத்தில் மூடி வைத்த சூட்டில் ஒரே வாரத்தில் பூஞ்சை பிடித்துவிடும், அந்த நிலையில் கொண்டுவந்தால் அக்கா திருப்பிக் கொடுத்துவிடுகிறார். தடத்திலிருந்து வந்ததும் உள்புறம் வெளியே வரும்படி புரட்டி, மின்விசிறிக்கு அடியில் தொங்கவிடுவதே அவர் சொல்லிக் கொடுத்த முறை. காப்புகளைக் கழற்றிவிடாமல் சூட்டிலேயே வைத்துக் கொண்டுபோங்கள், ஏனெனில் அவற்றோடுதான் அளவு பார்க்கிறார்கள். உள்ளே அணியும் மெல்லிய உடையையும் எடுத்துச் செல்லுங்கள். மாற்றுத் தோல் தேவைப்படும் என்று தோன்றினால், பயன்படாத சூட் ஒன்றைத் தேடி வைத்துக்கொண்டு போவது ஒரு நடையை மிச்சப்படுத்தும்.

தீபாவளிக்கு முந்தைய ஒன்றரை மாதத்தில் கொடுக்காதீர்கள். திங்கள் முதல் சனிவரை காலை பத்து மணிக்குத் திறக்கிறார்கள். நண்பகலில் ஒரு மணி நேரம் மூடுகிறார்கள். மாலை ஆறுக்குமேல் அண்ணன் இயந்திரத்தில் உட்காருவதில்லை. சூட்டுக்கு அளவெடுக்க வேண்டுமானால் அக்கா இருக்கும் காலை நேரத்தில் போங்கள், பிற்பகலில் பேரப்பிள்ளைகளைத் தமிழ்ப்பள்ளியிலிருந்து அழைத்துவர அவர் கிளம்பிவிடுவார்.